மரஜன்னலை எடுத்துவிட்டு யுபிவிசி போடும் முன்: சட்டத்தின் பாகங்கள், பாகம் பாகமாக

கொட்டேஷனில் பெரும்பாலும் ஒரே வரிதான் இருக்கும்: “4×4, 2.5 டிராக் ஸ்லைடிங், வெள்ளை, 5 எம்.எம். டஃபன்டு கண்ணாடி.” பக்கத்தில் சதுர அடி விலை. ஐப்பசி, கார்த்திகை மழையில் அந்த ஜன்னல் ஒழுகுமா, மூன்று வருடம் கழித்து ஷட்டர் (ஓடும், திறக்கும் கதவு) இறங்குமா என்பதைத் தீர்மானிக்கும் எதுவும் அந்த வரியில் இருக்காது. உள்ளே போடும் இரும்பு, தண்ணீர் வெளியேறும் துளை, கண்ணாடிக்கு அடியில் வைக்கும் பேக்கர் என்ற பிளாஸ்டிக் கட்டை, சுவருக்குள் இறங்கும் ஸ்குரூவின் நீளம் எல்லாம் பொருத்திய பிறகு கண்ணுக்குத் தெரியாது. சதுர அடிக்கு இரண்டு கடைகள் சொல்லும் விலை வித்தியாசம் பெரும்பாலும் இந்தத் தெரியாத பொருள்களில்தான் இருக்கிறது. அதனால் ஆர்டர் கொடுக்கும் முன்பே ஒவ்வொன்றையும் பேர் சொல்லிக் கேட்க வேண்டும்.

தமிழ்நாட்டு வீடுகளில் அதிகம் நடப்பது பழைய தேக்கு, வேம்பு ஜன்னலைக் கழற்றிவிட்டு யுபிவிசி, அதாவது கெட்டியான பிளாஸ்டிக் சட்ட ஜன்னல், போடுவது. இங்கே சொல்வது அதற்கானது.

முதலில் சுவரைப் பாருங்கள்

ஜன்னல் உட்காரும் ஓட்டைக்கு நான்கு பக்கம். மேலே சுவரின் சுமையைத் தாங்கும் லிண்டல், கீழே சில், இரண்டு பக்கமும் ஜாம்பு. லிண்டலை மட்டும் சந்தேகத்தோடு பாருங்கள். சுண்ணாம்புக் காரையில் கட்டிய பழைய வீடுகளில் சில இடங்களில் லிண்டலே இருக்காது; மேலே உள்ள செங்கலை மரநிலைதான் தாங்கிக்கொண்டிருக்கும். நிலையை உருவினால் செங்கல் இறங்கும். யுபிவிசி பிரேம் எந்தச் சுமையையும் தாங்காது. மேல் பூச்சை ஓரிடத்தில் கொத்திப் பார்த்து, கான்கிரீட்டோ கல்லோ தெரிந்தால் நிம்மதி. செங்கல் மட்டும் தெரிந்தால், கொத்தனாரைக் கூப்பிட்டு முட்டுக்கொடுத்து லிண்டல் போட்ட பிறகுதான் ஜன்னல் பேச்சே.

சில் மட்டமாக இருக்கக் கூடாது. வெளிப்பக்கம் சரிய வேண்டும். கிரானைட் போடுவதாக இருந்தால் சுவரைத் தாண்டி 20 முதல் 25 மி.மீ. வெளியே நீட்டி, அந்த நீட்டலின் அடியில் ஒரு கோடு வெட்டச் சொல்லுங்கள். வழியும் தண்ணீர் அந்தக் கோட்டில் அறுந்து கீழே சொட்டும். கோடு இல்லாவிட்டால் கல்லின் அடிப்பக்கமாகவே ஊர்ந்து சுவருக்குத் திரும்பி வரும், பெயின்ட் உப்பும்.

பழைய நிலையை எடுப்பதா, விடுவதா

பழைய நிலையை அப்படியே விட்டு அதற்குள் புதிய பிரேமைச் செருகுவது ஒரு நாள் வேலை. பூச்சு உடையாது, தூசி குறைவு. ஆனால் வெளிச்சம் போய்விடும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 1200 மி.மீ. ஓட்டையில் மரநிலை பக்கத்துக்கு 75 மி.மீ. எடுத்துக்கொண்டால் மீதி 1050. அதற்குள் சுற்றி இடைவெளி விட்டு ஸ்லைடிங் பிரேமும் ஷட்டர் சட்டமும் உட்கார்ந்த பிறகு கண்ணாடி தெரியும் அகலம் ஏறக்குறைய 850. இரண்டு ஷட்டர் ஸ்லைடிங்கில் திறப்பது பாதிதான் என்பதால் காற்று வரும் வழி 400 மி.மீ. பக்கம் சுருங்கிவிடுகிறது. முன்பு இரட்டைக் கதவை விரியத் திறந்து 1050 முழுதும் காற்று வாங்கிய அறை அது. மரநிலைக்குள் கரையான் இருந்தால் அதையும் பிளாஸ்டிக் போட்டு மூடிவைத்த கதையாகிவிடும்.

நிலையின் கீழ் இரண்டு மூலைகளையும் ஸ்குரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். முனை எளிதாக இறங்கினாலோ, தட்டும்போது பொத்தென்று சத்தம் வந்தாலோ எடுத்துவிடுவதே சரி. மரம் கெட்டியாக இருந்து, ஜன்னலும் அகலமானது என்றால் விடலாம்.

எடுக்கும்போது இரண்டு விஷயம். முதலாவது கிரில். பழைய ஜன்னல்களில் கம்பியோ கிரில்லோ மரநிலையிலேயே பதிந்திருக்கும். நிலை போனால் அதுவும் போகும். புதிய கிரில் பிரேமுக்கு எந்தப் பக்கம், எதில் பிடிக்கப்போகிறது என்பதை ஜன்னல் ஆர்டரோடு சேர்த்தே முடிவு செய்யுங்கள். வெளியே திறக்கும் ஜன்னலுக்கு கிரில் உள்ளே வரும். ஸ்லைடிங்குக்கு உள்ளேயும் வரலாம், வெளியேயும் வரலாம். கிரில்லை யுபிவிசியில் மட்டும் திருகுவது பாதுகாப்பு ஆகாது. ஸ்குரூ சுவருக்கோ, உள்ளே இருக்கும் இரும்புக்கோ போக வேண்டும். இரண்டாவது, நிலையின் கொம்பும் ஹோல்டுபாஸ்டும். மேல், கீழ்ச் சட்டங்களின் முனைகள் சுவருக்குள் புதைந்திருக்கும், பக்கச் சட்டங்களை ஹோல்டுபாஸ்ட் என்ற இரும்புக் காதுகள் பிடித்திருக்கும். கடப்பாரையால் நெம்பினால் ஜாம்பு முழுதும் பெயர்ந்து வரும். பக்கச் சட்டத்தை நடுவில் அறுத்து, ஹோல்டுபாஸ்டை கிரைண்டரால் வெட்டி, உட்புறமாக மடக்கி எடுப்பதுதான் முறை.

அளவு எடுப்பது

நிலையை எடுக்கப்போகிறீர்கள் என்றால், எடுத்து ஓரங்களைப் பூசி முடித்த பிறகு அளவெடுப்பது உத்தமம். சில நாள் தார்ப்பாய் கட்டிச் சமாளிக்க வேண்டியிருக்கும், பரவாயில்லை. பழைய ஜன்னலை வைத்துக்கொண்டே உத்தேசமாக அளவெடுத்துவிட்டு, பிறகு மிச்ச இடைவெளியை ஃபோமால் அடைப்பதுதான் பாதி ஒழுகலுக்குக் காரணம்.

அகலத்தை மேலே, நடுவில், கீழே என மூன்று இடத்திலும், உயரத்தை இடது, நடு, வலது என மூன்று இடத்திலும் எடுங்கள். மூன்றில் சிறியதுதான் உங்கள் அளவு. பிறகு மூலைக்கு மூலை இரண்டு குறுக்களவும் எடுங்கள். இரண்டுக்கும் 5, 6 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால் ஓட்டை கோணல். பிரேமை அல்ல, பூச்சைத் திருத்த வேண்டும். எல்லாம் மி.மீ.யில் எழுதுங்கள். “நாலடி” என்பது 1219 மி.மீ.; ஜன்னல் செய்து தரும் பேப்ரிகேட்டர் 1200 என்று எடுத்துக்கொண்டால் 19 மி.மீ. காணாமல் போகும்.

சிறிய அளவிலிருந்து பக்கத்துக்கு 5 மி.மீ., மொத்தம் 10 மி.மீ. கழித்து பிரேம் செய்ய வேண்டும். யுபிவிசி வெயிலில் நீளும். மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு சுமார் 0.07 மி.மீ. ஒன்றரை மீட்டர் சட்டம் விடியற்காலைக்கும் மதியத்துக்கும் 30 டிகிரி சூடேறினால் 3 மி.மீ.க்கு மேல் நீளும். இடைவெளி இல்லாமல் அடித்துச் செருகிய பிரேம் நீள வழியில்லாமல் நடுவில் வளையும். சாயங்காலம் இறுகி, காலையில் லேசாக ஓடும் ஷட்டருக்குக் காரணம் அதுதான். அடர்நிற லேமினேட் வெள்ளையைவிட அதிகம் சூடேறும். மேற்கு வெயில் நேராக அடிக்கும் ஜன்னலுக்கு வெள்ளையே நல்லது.

வெளிச்சட்டம்

சுவரோடு நிற்பது வெளிச்சட்டம். கடையில் அவுட்டர் பிரேம் என்பார்கள். ஒரு வெட்டுத்துண்டு கேட்டு வாங்கிக் குறுக்குவெட்டைப் பாருங்கள். உள்ளே பல அறைகள் இருக்கும். பெரிய அறை இரும்புக்கு, வெளிப்பக்கக் கீழறை தண்ணீருக்கு. வெளியே தெரியும் சுவரின் கனத்தை வெர்னியர் வைத்து அளக்கலாம். ஐரோப்பியத் தரமான இஎன் 12608 இதை வகைப்படுத்துகிறது: 2.8 மி.மீ.யும் மேலும் ஏ வகுப்பு, 2.5 மி.மீ.யும் மேலும் பி வகுப்பு. சந்தையில் இதைவிட மெல்லியதும் கிடைக்கும். சின்ன பாத்ரூம் ஜன்னலுக்கு ஓடும், ஆறடி ஹால் ஜன்னலுக்கு வேண்டாம்.

இரும்பு என்பது ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாயோ சானலோ. யுபிவிசி தனியாக வளையும் பொருள். காற்றைத் தாங்குவது உள்ளே இருக்கும் இந்த இரும்புதான். ஏமாற்று எளிது: மூலையில் மட்டும் ஒரு சாண் துண்டு போட்டுவிட்டு முழுதும் போட்டதாகச் சொல்லலாம். பொருள் வந்து இறங்கியதும் பழைய ஸ்பீக்கரிலிருந்து எடுத்த நல்ல காந்தத்தைச் சட்டத்தின் மேல் நீளவாக்கில் இழுத்துப் பாருங்கள். இழுப்பு விடும் இடத்தில் இரும்பு இல்லை. மூலையில் வெல்டிங் நடக்கும் இடத்துக்குப் பக்கத்தில் கொஞ்சம் விடுவது முறைதான். நடுவில் விடக் கூடாது.

பெரிய ஜன்னலை நடுவில் பிரிக்கும் நெட்டுச் சட்டம் மல்லியன், படுக்கைச் சட்டம் டிரான்சம். மேலே நிலையான கண்ணாடி, கீழே திறக்கும் ஷட்டர் என்று வந்தால் டிரான்சம் கட்டாயம். அதிலும் இரும்பு வேண்டும்.

இனி டிராக். ஷட்டர் ஓடும் தடம் இது. 2 டிராக் என்றால் இரண்டு கண்ணாடி ஷட்டர், 3 டிராக் என்றால் கொசுவலைக்கு ஒரு முழுத் தடம், 2.5 என்பது வலைக்கு மெலிந்த தடம். தடம் கூடக்கூட பிரேமின் ஆழம் கூடும், நாலரை அங்குலச் சுவரில் உட்காருமா என்று முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும். தடத்தின் மேல் அலுமினியமோ எஸ்.எஸ்.ஸோ (துருப்பிடிக்காத எஃகு) ரெயில் இருக்க வேண்டும். வெறும் பிளாஸ்டிக் முகட்டில் ஓடினால் தேயும்.

கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய பாகம் வடிதுளை. ஸ்லைடிங் ஜன்னலில் தண்ணீர் உள்ளே வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். டிராக்குக்குள் தண்ணீர் வரும். வந்ததை வெளியே அனுப்புவதுதான் ஜன்னலின் வேலை. டிராக்கின் தரையில் சுமார் 5 மி.மீ. அகலம், 25 முதல் 30 மி.மீ. நீளமுள்ள துளைகள் இருக்கும். அதிலிருந்து தண்ணீர் கீழறைக்கு இறங்கி, வெளிமுகத்தில் சற்றுத் தள்ளி வெட்டிய இன்னொரு துளை வழியாக வெளியேறும். நேருக்கு நேர் வெட்டினால் காற்று நேராக உள்ளே ஊதும், அதற்காகத்தான் தள்ளி வெட்டுவது. வெளித்துளைக்கு ஒரு சின்ன மூடி உண்டு.

புயல் நாளில் டிராக்கில் தண்ணீர் தேங்கிக் கொப்பளிப்பதைப் பார்த்திருப்பீர்கள். துளை அடைத்திருக்க வேண்டும் என்றில்லை. காற்றழுத்தம் வெளியிலிருந்து தள்ளும்போது தண்ணீர் இறங்க முடியாமல் நிற்கிறது. மணிக்கு 100 கி.மீ. வேகக் காற்று கொடுக்கும் அழுத்தம் சுமார் 460 பாஸ்கல்; அது 47 மி.மீ. உயரத் தண்ணீரைத் தாங்கி நிறுத்தும். டிராக்கின் உட்பக்கத் தடுப்பு அதைவிடக் குட்டையாக இருந்தால், மீதி ஹாலுக்குள் வழியும். காற்றுப் பளுவுக்கான இந்தியத் தரமான ஐஎஸ் 875 மூன்றாம் பகுதி, அடிப்படைக் காற்று வேகமாகச் சென்னைக்கு விநாடிக்கு 50 மீட்டர் (மணிக்கு 180 கி.மீ.), கோவைக்கும் மதுரைக்கும் 39 மீட்டர் (சுமார் 140 கி.மீ.) என்று வைக்கிறது. கடலோரத்தில், மேல்மாடியில், மழை அடிக்கும் பக்கத்துக்கு ஸ்லைடிங்கைவிட கதவு போலத் திறந்து, ரப்பரில் அழுந்தி மூடும் கேஸ்மென்ட்தான் சரியான தேர்வு.

ஷட்டர்

ஓடும் அல்லது திறக்கும் பாகம் ஷட்டர், சிலர் சாஷ் என்பார்கள். ஸ்லைடிங் ஷட்டரின் அடியில் ரோலர். எடைக் கணக்கு எளிது: கண்ணாடி ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு மி.மீ. கனத்துக்கு 2.5 கிலோ. 600×1200 ஷட்டரில் 5 மி.மீ. கண்ணாடி 9 கிலோ. இரட்டைக் கண்ணாடி போட்டால் 18. சட்டமும் இரும்பும் தனி. ரோலர் ஜோடி எத்தனை கிலோ தாங்கும் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். கடலுக்குப் பக்கம் என்றால் ரோலர் கூடு, ஸ்குரூ, கீல் எல்லாம் எஸ்.எஸ். 304, கடற்கரையை ஒட்டியே வீடு என்றால் 316.

இரண்டு ஷட்டரும் நடுவில் கொக்கி போலக் கோத்துக்கொள்ளும் பட்டை இன்டர்லாக். அதன் மேல் முனையிலும் கீழ் முனையிலும் சட்டத்துக்கும் தடத்துக்கும் நடுவே விரல் நுழையும் சந்து மிஞ்சும். அதை அடைக்க ஒரு பிளாஸ்டிக் கட்டை உண்டு. சின்னப் பொருள்தான், பொருத்த மறந்துவிட்டுப் போவார்கள். வலை போட்டும் கொசு வருகிறது என்றால் முதலில் அங்கே பாருங்கள். சுற்றிலும் ஓடும் மயிர்ப்பட்டை முழு நீளத்துக்கும் இருக்கிறதா, மூலையில் குறைகிறதா என்றும் பாருங்கள்.

மேல் தடத்தில் வைக்கும் ஆன்டி லிப்ட் கட்டையை மறக்கவே கூடாது. அது இல்லாத ஷட்டரை, பூட்டியிருந்தாலும், வெளியிலிருந்து மேலே தூக்கிக் கழற்றி எடுத்துவிடலாம்.

கேஸ்மென்டில் கீலுக்குப் பதில் மேலும் கீழும் ஃப்ரிக்‌ஷன் ஸ்டே என்ற மடங்கும் உலோகக் கை வரும். பூட்டு ஓரிடத்தில் மட்டும் பிடிக்கும் தாழ்ப்பாளாக இல்லாமல் மேல், நடு, கீழ் என மூன்று இடத்தில் இறுக்கும் மல்டிபாயின்ட் ஆக இருந்தால்தான் ரப்பர் சீராக அழுந்தும். ஸ்டேயின் ஸ்குரூவும் பூட்டு மாட்டும் கீப்பின் ஸ்குரூவும் இரும்பைக் கடித்திருக்க வேண்டும். பிளாஸ்டிக்கில் மட்டும் இருந்தால் ஒரு பெருங்காற்றில் பிடுங்கிக்கொள்ளும்.

கண்ணாடியும் அதற்கு அடியில் இருப்பதும்

டஃபன்டு, அதாவது சூடேற்றி உறுதியாக்கிய, கண்ணாடி என்றால் மூலையில் அழியாத முத்திரை இருக்கும். பாதுகாப்புக் கண்ணாடிக்கான இந்தியத் தரம் ஐஎஸ் 2553. டஃபன் செய்த பிறகு வெட்டவோ துளைக்கவோ முடியாது, அதனால் அளவு தப்பினால் கண்ணாடி வீண்.

கண்ணாடி நேராகச் சட்டத்தின் மேல் உட்காரக் கூடாது. பிளாஸ்டிக் பேக்கர் மேல் உட்கார வேண்டும். கேஸ்மென்ட் ஷட்டரில் இந்தப் பேக்கர் எங்கே வைக்கிறார்கள் என்பதில்தான் கதவின் ஆயுள். கீல் பக்கக் கீழ் மூலையில் ஒன்று, குறுக்கே எதிர்மூலையான பூட்டுப் பக்க மேல் மூலையில் ஒன்று, இறுக்கமாக. அப்போது விறைப்பான கண்ணாடியே குறுக்குக் கட்டை போல ஷட்டரைத் தூக்கிப் பிடிக்கும். இதை விட்டுவிட்டு அடியில் இரண்டு கட்டை மட்டும் வைத்தால், சில மாதத்தில் பூட்டுப் பக்கம் தொங்கி, மூடும்போது கீழ்ச்சட்டத்தில் இடிக்கும். ஸ்டேயை மாற்றுவது அதற்கு மருந்தல்ல. பீடிங்கைக் கழற்றி பேக்கரைச் சரியாக வைப்பதுதான்.

கண்ணாடியைப் பிடிக்கும் பட்டை பீடிங். அது வீட்டின் உட்பக்கம் இருக்க வேண்டும். வெளிப்பக்கம் இருந்தால் உளி ஒன்றே போதும், திருடன் கண்ணாடியையே எடுத்துவிடுவான்.

இரட்டைக் கண்ணாடிக்கு நடுவே வியர்த்தாற்போல் ஈரம் தெரிந்தால் ஓர சீல் போய்விட்டது. துடைக்க வழியில்லை, யூனிட்டையே மாற்ற வேண்டும். ஷட்டரின் அடியிலும் வடிதுளை இல்லாமல் கண்ணாடியின் ஓரம் தண்ணீரில் ஊறுவது இதற்கு ஒரு முக்கியக் காரணம்.

பொருத்தும் நாள்

ஷட்டர்களைக் கழற்றிவிட்டு வெறும் பிரேமை ஓட்டையில் நிறுத்தி, மூலைகளில் பேக்கர் கொடுத்து, ரசமட்டமும் தூக்குக்குண்டும் வைத்துப் பார்க்க வேண்டும். குறுக்களவை மறுபடி எடுங்கள். இந்த முறை இரண்டும் ஒன்றாக வர வேண்டும், 2 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஸ்குரூவைத் தொட விடாதீர்கள்.

பிரேம் ஸ்குரூ முதல் ஒன்று மூலையிலிருந்து 150 முதல் 250 மி.மீ.க்குள், பிறகு 600 மி.மீ.க்கு மிகாமல் ஒவ்வொன்று. பூச்சைத் தாண்டி செங்கல்லில் அல்லது கான்கிரீட்டில் குறைந்தது 40 மி.மீ. இறங்க வேண்டும். பூச்சே 20 மி.மீ. இருக்கும், அதையும் இடைவெளியையும் கூட்டித்தான் ஸ்குரூ நீளம் வாங்க வேண்டும். ஸ்குரூ போகும் இடத்தில் பிரேமுக்குப் பின்னால் பேக்கர் இருக்கிறதா பாருங்கள். இல்லாமல் முறுக்கினால் சட்டம் சுவரை நோக்கி வளையும். கீழ்ச்சட்டத்தின் வழியாகத் துளைத்தால் தண்ணீர் அறையையும் சேர்த்துத் துளைத்துவிடுவார்கள். தவிர்க்க முடியாத இடத்தில் ஸ்குரூ தலையைச் சிலிக்கானால் மூடச் சொல்லுங்கள்.

ஃபோம் இடைவெளியை நிரப்பும் பொருள். தண்ணீரைத் தடுக்கும் பொருள் அல்ல, பிரேமைப் பிடிக்கும் பொருளும் அல்ல. அளவுக்கு மேல் அடித்தால் ஊதி, சட்டத்தை உள்ளே தள்ளும். வெயில் பட்டால் பொடியும். காய்ந்ததும் வெட்டி, மேலே சிலிக்கான் போட்டு மூட வேண்டும். சிலிக்கானில் நியூட்ரல் வகை கேளுங்கள். வினிகர் வாடை அடிப்பது அமில வகை. சிமென்டில் சரியாகப் பிடிக்காது, உலோகத்தையும் அரிக்கும். இடைவெளி ஆழமாக இருந்தால் முதலில் ஃபோம் கயிற்றைச் செருகி அதன் மேல் இழுக்க வேண்டும்.

ஒரு 280 மி.லி. டியூப் 6×6 மி.மீ. கோட்டுக்கு 7.8 மீட்டர் வரும். நாலடிக்கு நாலடி ஜன்னலின் சுற்றளவு ஏறக்குறைய 4.9 மீட்டர், உள்ளும் வெளியுமாகப் போட்டால் ஒன்றுக்கும் மேல் தேவை. மூன்று ஜன்னலுக்கு ஒரே டியூபோடு வரும் ஆள் பூச்சு ஓரத்தில் மெழுகிவிட்டுப் போவார், அவ்வளவே.

சிலிக்கான் பூசும் உற்சாகத்தில் வெளிமுக வடிதுளையையும் சேர்த்து அடைத்துவிடுவது அடிக்கடி நடக்கும். பிறகு வரும் கொத்தனாரின் சிமென்டும் பெயின்டரின் புட்டியும் மிச்சத்தை அடைக்கும். துளைகளின் மேல் டேப் ஒட்டிவைத்து, எல்லா வேலையும் முடிந்தபின் உரியுங்கள்.

மீதிப் பணம் கொடுக்கும் முன்

ஒரு சொம்புத் தண்ணீரை டிராக்கில் ஊற்றுங்கள். சில விநாடியில் வெளியே வடிய வேண்டும். அடுத்து ஹோஸ் பைப்பில், பீய்ச்சாமல், மழை போல விழவைத்துச் சோதியுங்கள். முதலில் சில், பிறகு பக்கங்கள், கடைசியில் மேல்பக்கம், ஒவ்வோரிடத்திலும் சில நிமிடம். மேலிருந்து ஆரம்பித்தால் தண்ணீர் எங்கும் வழிந்து, ஒழுகல் எந்த மூலையில் என்று கண்டுபிடிக்க முடியாது. சுவருக்கும் பிரேமுக்கும் நடுவே கசிந்தால் சிலிக்கான் குறை. பிரேமின் கீழ் மூலையில் கசிந்தால் வெல்டிங்கில் விரிசல், அதைப் பேப்ரிகேட்டர்தான் சரிசெய்து தர வேண்டும்.

ஷட்டரை நடுவில் நிறுத்திவிட்டு கையை எடுங்கள். தானாக ஓடினால் மட்டம் தவறு. மூடும்போது மேலே தொட்டு கீழே இடைவெளி விட்டால் ரோலர் உயரம் ஏற்றத்தாழ்வு. ஷட்டரின் பக்கவாட்டில் கீழே உள்ள சின்னத் துளைக்குள் இருக்கும் திருகைத் திருப்பினால் சரியாகும்.

சட்டத்தின் மேல் ஒட்டியிருக்கும் பாதுகாப்பு ஃபிலிமை பெயின்ட் வேலை முடிந்த உடனே உரித்துவிடுங்கள். மாதக்கணக்கில் வெயிலில் விட்டால் பசை இறுகிக்கொள்ளும், பிறகு கத்தியால் சுரண்டி கோடு விழும். டிராக்கை மழைக்காலத்துக்கு முன் ஒருமுறை பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, வடிதுளையில் ஈர்க்குச்சி விட்டுப் பாருங்கள். ரோலர் இறுகினால் தேங்காயெண்ணெயோ கிரீஸோ விட வேண்டாம், தூசி அப்பிக்கொள்ளும். சிலிக்கான் ஸ்பிரே போதும்.